சுறாவின் முள்

கொட்டாரம் சந்தையில் வாழைக்காய்க் கடை வைத்திருந்த கோலப்பனுக்குக் கொள்கை என்று ஒன்றும் கிடையாது. வயிறுதான் இருந்தது, அதுவும் கோளாறான வயிறு. மீன், கறி, முட்டை வாடை பட்டாலே குமட்டும். அது போகட்டும், அப்படி ஊரில் பத்துப் பேர் உண்டு. இவருக்குப் பால், தயிர், மோர், நெய் எதுவுமே ஆகாது. தேன் பட்டால் உதடு வீங்கிவிடும். கல்யாணப் பந்தியில் நெய்க்கிண்ணம் வருவதைத் தூரத்தில் கண்டதுமே இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துக் குடை பிடிப்பார். அவர் மனைவி சொர்ணம்மாள் கல்யாணமான நாள் முதல் அவருக்கென்று தனிச்சட்டியில் உள்ளித்தீயல் குழம்பும் வாழைக்காய்த் துவட்டலும் வைத்துக் கொடுத்தாள். இதை யாரும் தத்துவம் என்று சொன்னதில்லை. "அந்த மனுசனுக்குச் செமிக்காது" என்றுதான் சொன்னார்கள்.

தத்துவம் என்று முதலில் சொன்னவர் மாதேவன் பிள்ளை. நாகர்கோவில் கோர்ட்டில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற முன்சீப்பு வீட்டில் சும்மா இருந்தால் வீட்டுக்காரிக்குக் கஷ்டம். ஆகவே அவர் தென்திருவிதாங்கூர் ஜீவகாருண்ய சுத்தபோஜன சபை என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஸ்தாபகத் தலைவராகவும் ஆயுள் தலைவராகவும் இருந்து, தலைவர் இல்லாத நாட்களில் உபதலைவராகவும் இருந்தார். பௌர்ணமிதோறும் சபை கூடும். எறும்பு முதல் யானை வரை எந்த ஜீவனுக்கும் துன்பம் செய்யலாகாது என்று ஒருவர் பேசுவார். சமையற்கட்டிலிருந்து நெய் உருகும் மணம் வந்ததும் பேச்சு முடிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் கொழும்பிலிருந்து சபைக்கு ஓர் அழைப்பு வந்தது. ஜீவகாருண்ய மகாநாடு ஒன்று நடக்கிறதாம். பாலும் நெய்யும் தேனும்கூட உண்ணாத பரிபூரண சுத்தபோஜனி ஒருவர் இருந்தால் அவரை மேடையில் உட்காரவைத்துக் கௌரவிக்க விரும்புகிறார்களாம். அவருக்கும் துணைக்கு வரும் இருவருக்கும் கப்பல் செலவு அவர்களே கொடுப்பார்களாம். மாதேவன் பிள்ளை சபை முழுவதும் தேடிப் பார்த்தார். நெய் இல்லாமல் பருப்பு இறங்குகிற ஓர் உறுப்பினர்கூட அகப்படவில்லை. அந்த வாரமே கொட்டாரத்தில் ஒரு கல்யாணம். மூன்றாம் கிண்ணம் பாயசத்துக்காகத் தலையைத் தூக்கியவர், எதிர்ப்பந்தியில் ஓர் ஆள் இலைமேல் கைக்குடை பிடிப்பதைக் கண்டார்.

"ஓய், நீர் ஏன் நெய் கூட்டமாட்டீரு?"

"வயிறு ஆகாது எசமான்."

"வயிறுன்னு சொல்லாதீரும். கருணைன்னு சொல்லும்."

கோலப்பன் வேறு நேரமாக இருந்தால் இந்த வம்பே வேண்டாம் என்று வாழைக்காய்க் கடைக்குப் போயிருப்பார். ஆனால் கொழும்பு என்ற சொல் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஒரே மகள் பகவதியை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்கு ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு வேலை. கல்யாணமான காலத்தில் கொழும்புக்குப் போவது திருநெல்வேலிக்குப் போவது மாதிரிதான். பிறகு பாஸ்போர்ட்டு என்றார்கள், விசா என்றார்கள், மகள் வீடு அந்நிய நாடாகிவிட்டது. பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள், தாத்தா இன்னும் பார்க்கவில்லை. இரண்டு தடவை விசா கேட்டு இல்லை என்று வந்துவிட்டது. இப்போது சபையின் பேரில் கிடைக்கும் என்கிறார்கள். சொர்ணம்மாள் அழுதுகொண்டே சொல்லி அனுப்பினாள்: "பிள்ளைய ஒருதரம் மடியில வச்சுப் பாரும். மக கையால ஒரு நேரம் வயிறாரத் தின்னுட்டு வாரும். எனக்கு அது போதும்."

கிளம்புகிற அன்று சபைச் செயலாளர் நாராயணபெருமாள் விதிகளைப் படித்தார். இவர் எதற்கும் முதலில் தொண்டையைச் செருமுவார். பிரதிநிதியின் பாஸ்போர்ட்டு செயலாளர் மடியில் இருக்கும். பிரதிநிதியைத் தனியே விடலாகாது. அந்நிய நாட்டில் பிரதிநிதி உண்ணும் எதையும் சபை முதலில் பரிசோதிக்கும். மூக்குப் பரிசோதனை, நாக்குப் பரிசோதனை, வயிற்றுப் பரிசோதனை என்று பரிசோதனை மூன்று வகைப்படும். வயிற்றுப் பரிசோதனைக்கு வயிறு நிறைய வேண்டும், இல்லையென்றால் முடிவு சரியாகத் தெரியாது. பரிசோதித்து மிஞ்சியது எச்சில், அதைப் பரிசுத்தரான பிரதிநிதிக்குக் கொடுப்பது மகாபாவம். விதிமீறல் நடந்தால் பிரதிநிதி அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படுவார்.

"அப்போ நான் எதைத் திங்க?" என்று கேட்டார் கோலப்பன்.

"பரிசோதனையில தேறினதை" என்றார் செயலாளர்.

கோலப்பனுக்கு ஏதோ இடித்தது. பேத்தி முகத்தை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

அந்நிய நாடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி பஸ்ஸிலேயே வந்தது. சபையின் பேரில் தென்திருவிதாங்கூர் என்றிருப்பதால் ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கை தாண்டினால் அந்நிய நாடுதான் என்று மாதேவன் பிள்ளை தீர்ப்பளித்தார். ஆகவே திருநெல்வேலியில் அல்வா பரிசோதனை நடந்தது. கோதுமைப் பாலா பசும்பாலா என்பது முதல் வாயில் தெரியவில்லை, இரண்டாவது வாயில் சந்தேகம் வலுத்தது. ஒரு ராத்தல் தீர்ந்த பிறகு "நெய் சேர்ந்திருக்கிறது, விலக்கு" என்று அறிவித்துவிட்டுக் கையைத் துடைத்தார்கள். கடைக்காரன் நெய் ஒழுகுகிற வாழையிலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூத்துக்குடி வரை கோலப்பனுக்கு வாழைப்பழம் அனுமதிக்கப்பட்டது. தோலோடு பிறந்தது, மனிதக் கை படாதது. கப்பல் ஏறியதும் நாராயணபெருமாளுக்கு ஒரு ஐயம் முளைத்தது. தொண்டையைச் செருமினார்.

"வாழைக்கு மாட்டுச்சாணமல்லவா உரம்?"

மாதேவன் பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். பழம் நிறுத்திவைக்கப்பட்டது.

"அப்போ தேங்கா?" என்று கேட்டார் கோலப்பன். தேங்காய் இல்லாமல் அவருக்கு உயிரில்லை.

"கொளச்சல் பக்கம் தென்னைக்குச் சாளைமீனை உரமாப் புதைப்பானே ஓய்" என்றார் மாதேவன் பிள்ளை. "ஆடி மாசம் சாளை கொழுத்துக் கிடக்கும்போது அதைப் போய் மண்ணுல புதைக்கான், பாவி. மனசு பொறுக்காது." கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேங்காயையும் நிறுத்திவைத்தார்.

அதே கப்பலில் கோட்டாற்றிலிருந்து துண்டு வியாபாரத்துக்குப் போகிற மீரா முகைதீன் இருந்தார். சந்தையில் கோலப்பனுக்குப் பழக்கமான ஆள். கோலப்பன் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தம் பையிலிருந்து அவலும் கருப்பட்டியும் எடுத்து நீட்டினார். கோலப்பன் கை நீளுவதற்குள் செயலாளர் கை நீண்டது. மூக்கு, நாக்கு, வயிறு எல்லாம் முறைப்படி நடந்தன. அவலில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தபோது அவலும் இல்லை.

செயலாளர் வாய் கழுவப் போன சமயம் மீரா முகைதீன் மெல்லச் சொன்னார். "ஓய் கோலப்பா, நானும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். உம்ம சுத்தம் கெடாத வரைக்கும் உமக்குச் சோறு கிடையாது. கெட்டுப்போனவனுக்கு எவனாவது காவல் நிப்பானா?"

"கெட்டா அடுத்த கப்பல்ல அனுப்பிப்போடுவாங்க மொதலாளி. பிள்ளைய பாக்கணும்லா."

"அப்போ பிள்ளைய பாத்த பொறவு கெடும்" என்றார் மீரா முகைதீன்.

கொழும்பில் சைவக்கடைக்குப் பஞ்சமில்லை. இடியாப்பம் வேண்டுமா, பிட்டு வேண்டுமா, தேங்காய்ச் சம்பல் வேண்டுமா, தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கோலப்பன் வயிறு தேடிக்கொண்டிருந்த சாப்பாடு அத்தனையும் மூக்குக்கு நேரே ஆவி பறக்க வைத்திருந்தார்கள். சபையோ ஒவ்வொரு கடையாகப் பரிசோதித்தது. சைவக்கடைகள் தீர்ந்து வேறொரு கடையில் தட்டில் சம்பல் வைத்தார்கள். சிவப்பாக, நல்ல காரமாக இருந்தது. மாதேவன் பிள்ளை ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, மேலே பார்த்து, கண்ணைச் சுருக்கினார்.

"மாசி போட்டிருக்கான்."

"மாசின்னா எசமான்?" என்று கோலப்பன் கேட்டார்.

"சூரைமீனை அவிச்சு, புகைபோட்டு, காயவச்சுக் கட்டையாக்கினது. இடிச்சுத் தூவியிருக்கான். இது நல்ல மாசி இல்ல, போன வருசத்துச் சரக்கு." இன்னொரு கிள்ளு எடுத்தார். "ஆனாலும் ருசி கொள்ளாம்."

சம்பல் விலக்கப்பட்டது. விலக்கப்பட்டது என்பதை வயிறு உறுதி செய்யும்வரை இன்னும் இரண்டு தட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. கோலப்பன் தண்ணீர் குடித்தார். தண்ணீரைப் பற்றி நாராயணபெருமாள் தொண்டையைச் செருமியபோது கோலப்பன் அவரைப் பார்த்த பார்வையில், அவர் தொண்டை தானாகச் சரியாகிவிட்டது.

மகாநாட்டின் முக்கிய நாளுக்கு முந்தின மத்தியானம் மகள் வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. தலைவரும் செயலாளரும் கூடவே வந்தார்கள். வழி காட்ட வரவேற்புக் குழுவின் தொண்டர் ஒருவரும் வெள்ளை வேட்டியில் வந்தார். ஜிந்துப்பிட்டியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையும் அடுக்களையுமாக இருந்தது வீடு. பகவதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எப்பா, இப்படி மெலிஞ்சுபோயிட்டியளே. அம்மா ஒண்ணும் தரலியா?"

கோலப்பன் கையை நீட்டினார். பேத்தியை வாங்கினார். அது முதலில் அவர் மீசையைப் பார்த்துப் பயந்தது, பிறகு அதையே பிடித்து இழுத்தது. மனிதர் சிரித்துக்கொண்டே அழுதார். சொர்ணம்மாள் பக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து அந்த வாசம் வந்தது. தேங்காயைக் கருகாமல் சிவக்க வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து அரைத்து, சின்ன உள்ளியை நல்லெண்ணெயில் வதக்கி, புளி ஊற்றிக் கொதிக்கவைத்த தீயல். அப்பாவுக்கென்று தனிச்சட்டியில், அம்மா வைப்பது போலவே வைத்திருந்தாள். விருந்தாளிகளுக்கு வேறாகப் பருப்பு, நெய், தயிர், அப்பளம், பாயசம் எல்லாம் இருந்தன.

மாதேவன் பிள்ளை விருந்தாளிகளின் சாப்பாட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அடுக்களை வாசலுக்குப் போய் அந்தச் சின்னச் சட்டியைப் பார்த்தார்.

"பிரதிநிதியின் உணவு இதுதானா? பரிசோதிக்கணும்."

"ஐயா, அது அப்பாவுக்கு ஒரு நேரத்துக்குத்தான் காணும்" என்றாள் பகவதி.

"விதி அம்மா, விதி." அகப்பையில் கை வைத்துவிட்டார். நாராயணபெருமாள் இலையை விரித்துச் சம்மணம் போட்டாயிற்று.

கோலப்பன் பேத்தியை மகளிடம் கொடுத்தார். சட்டியைப் பார்த்தார், அகப்பையைப் பார்த்தார். பிள்ளையைத்தான் பார்த்தாயிற்றே என்று நினைத்தார்.

"எசமான், அதைத் தொடாதீங்க. நான் கெட்டுப்போயிட்டேன்."

"என்னது?"

"கப்பல்ல மீன் தின்னுட்டேன்."

அகப்பை சட்டிக்குள் நழுவியது. பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வரவேற்புக் குழுத் தொண்டர் நின்றார். மாதேவன் பிள்ளைக்கு வேர்த்தது. நாளைக்கு மேடை. பலகை போட்டாயிற்று, மாலை சொல்லியாயிற்று. மீன் தின்ற பரிபூரண சுத்தபோஜனியை எங்கே உட்காரவைப்பது?

"பசியில பிதற்றுதீரு ஓய். நீராவது மீனாவது. என்ன மீன் தின்னீரு, சொல்லும் பாப்போம்."

கோலப்பன் சந்தையில் காதில் விழுந்த பேர்களில் ஒன்றைப் பிடித்தார். "சுறா."

"எப்படி ஆக்கியிருந்துது?"

"வறுத்து. துண்டம் துண்டமா."

"பொறவு?"

"ஒரு முள்ளு தொண்டையில மாட்டிக்கிட்டு. அப்பப்பா, அந்தப் பாடு. பழத்தை முழுங்கித்தான் எறக்கினேன்."

மாதேவன் பிள்ளை முகத்தில் வெளிச்சம் வந்தது. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீரா நாராயணபெருமாள்? முள்ளாம். சுறாவுக்கு ஏது ஓய் முள்ளு? நடுவில ஒரு தண்டு, அதுவும் மெதுமெதுன்னு குருத்து மாதிரி. சுறாவை எவனாவது வறுப்பானா? அவிச்சு, தோலை உரிச்சு, கையால உதுத்து, மஞ்சள் போட்டுப் பிழியணும். பொறவு இஞ்சி, பச்சமிளகா, சின்ன உள்ளி, கறிவேப்பிலை தாளிச்சு, புட்டாக் கிளறணும். அடுப்பு சிறு தீயில இருக்கணும்."

"பால்சுறான்னா இன்னும் விசேஷம்" என்றார் நாராயணபெருமாள். இந்த ஒரு தடவை தொண்டையைச் செருமவில்லை. "கடைசியில ஒருபிடி தேங்காத்துருவல் தூவணும் எசமான். அதை விட்டுப்போட்டீங்க."

"தேங்கா போடப்படாது. ருசி மாறிப்போகும்."

"எங்க வீட்டுல போடுவோம்."

"உம்ம வீட்டுல எல்லாத்துக்கும் தேங்கா போடுவீங்க." தலைவர் கோலப்பன் பக்கம் திரும்பினார். "ஆக, நீர் சொன்னது பச்சைப் பொய். சுறாவை நீர் கண்ணால்கூடக் கண்டதில்ல. உம்ம சுத்தத்துக்கு ஒரு குறைவும் இல்ல." மறுபடி அகப்பையைத் தேடினார்.

பொய் சொல்லியும் கோலப்பனுக்குச் சோறு போய்விட்டது. அப்போது பகவதி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, சுறாவுக்கு முள்ளு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாசலில் ஒரு கிழவி "அதானே" என்றாள். தொண்டர் தலைவரையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாதேவன் பிள்ளை நிமிர்ந்தார். சால்வையைச் சரி செய்தார். ஒரு சட்டியும் நாலைந்து டப்பாவும் வாசலை அடைத்த அக்கம்பக்கமும் தவிர வேறு சபை கிடையாது, ஆனாலும் மேடைக் குரலில் தொடங்கினார்.

"சபையோர்களே, சற்று முன் நான் கூறியவை அனைத்தும் குற்றவாளியின் வாயைக் கிளறுவதற்காக நீதிமன்றங்களில் கையாளப்படும் உத்தியாகும். செயலாளரும் அவ்வண்ணமே. சுறா என்பது எத்தகைய பிராணி, அதற்குச் சிறகு உண்டா, கொம்பு உண்டா என்பதுகூட நான் அறியேன். முள் இருந்தது என்று தின்றவர் சாட்சி கூறுகிறார். தின்னாதவன் அதை மறுப்பது நியாயமாகாது. ஆகவே, சுறாவுக்கு முள் உண்டு என்று இச்சபை தீர்மானிக்கிறது. முள் உண்டு என்று ஆனபடியால் கோலப்பன் கூறியது மெய். மெய்யானபடியால் அவர் மீன் தின்றவர். ஆகவே அவர் இந்தக் கணமே சபையினின்றும் நீக்கப்படுகிறார். சனிக்கிழமைக் கப்பல்வரை அவர் எங்கே தங்கினாலும் எதைத் தின்றாலும் சபைக்குப் பொறுப்பில்லை."

"ஆமோதிக்கிறேன்" என்றார் நாராயணபெருமாள். மடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, நெருப்பைத் தொடுவதுபோல் தரையில் வைத்தார். மீன் தின்றவன் வீட்டு அடுப்பில் வெந்தது ஆகாது என்று பாயசத்தைக்கூடத் தொடாமல் இருவரும் இறங்கிப்போனார்கள். பாயசத்தைத் திரும்பிப் பார்த்தது என்னவோ உண்மை.

அவர்கள் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் மேடையில் பலகை காலியாக இருந்தது. கூட்டம் சுத்தபோஜனி எங்கே என்று கேட்டது. வேறு வழி இல்லாமல் மாதேவன் பிள்ளையே மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொழும்புக்காரர்கள் முறை தெரிந்தவர்கள், சபையின் விதிகளை எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள். வந்த பலகாரம் ஒவ்வொன்றையும் முதலில் நாராயணபெருமாள் முன்னால் வைத்தார்கள். நாராயணபெருமாள் தலைவர்மேல் பக்தி உள்ளவர், பரிசோதனையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சனிக்கிழமை கப்பலில் மீரா முகைதீன் பொட்டலத்தைப் பிரித்தபோது தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாய்பு, அது என்ன சுறாவா?" என்று கேட்டதாகக் கோட்டாற்றில் சொல்கிறார்கள். சுறாவுக்கு முள் உண்டு என்ற தீர்மானம் இன்றுவரை ரத்தாகவில்லை. கொளச்சலில் வலை வீசுகிறவர்களுக்கு அதை யாரும் தெரிவிக்கவும் இல்லை.

ஜிந்துப்பிட்டியில் அன்றைக்குப் பகவதி கதவைச் சாத்தி, வாழையிலை போட்டாள். சோறும் வாழைக்காய்த் துவட்டலும் வைத்தாள். கோலப்பன் இரண்டு கையையும் இலைக்கு மேல் விரிக்கவில்லை. தீயலை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைத்ததும், ஆரல்வாய்மொழி தாண்டின நாள் முதல் அடக்கிவைத்திருந்த பசியெல்லாம் ஒன்றாக எழுந்துவந்தது. அவர் தலை நிமிரவே இல்லை. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் இலையிலிருந்து ஒரு வாழைக்காய்த் துண்டை எடுத்துக் கடித்தது.

"எப்பா" என்றாள் பகவதி, சட்டியைச் சாய்த்துக்கொண்டே. "நெசமாச் சொல்லுங்க. சுறாவுக்கு முள்ளு உண்டா, இல்லியா?"

கோலப்பன் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"எனக்கு எப்படிட்டி தெரியும் மக்கா? நான் என்ன சபையிலயா இருக்கேன்? நீ தீயலை ஊத்து."